முதியோர் இல்லங்களை இரவில் வந்து ஆய்வு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையைச் சுற்றிப் பெருகிவரும் முதியோர் இல்லங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோட்டம், கோயில், நூலகம், சைவச் சாப்பாடு என எல்லாம் விவரமாக இருந்தது. இரவில் அங்கே எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு 82 வயது. பக்கவாதம் வந்த பிறகு ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார். அவர் இருக்கும் மாடியில் 22 பேர். பகலில் ஒரு நர்ஸ், நான்கு ஆயாக்கள். இரவு 8 மணிக்கு ஷிப்ட் மாறினால் மறுநாள் காலை 8 மணி வரை ஒரே ஒரு ஆயா. சென்ற மாதம் விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போன அம்மா வழுக்கி விழுந்தார். அழைப்பு மணியின் கயிற்றைத் தரை கழுவும்போது நனைகிறது என்று மேலே சுருட்டிக் கட்டிவைத்திருந்தார்கள்; விழுந்தவருக்கு அது எட்டவில்லை. காபி கொண்டுவந்த பெண் பார்க்கும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நிர்வாகம் உடனே செய்தது, இரவு ஆயாவை வேலையை விட்டு நிறுத்தியதுதான். அவரைத் திரும்பச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

அந்தப் பெண்மீது எனக்கு ஒரு துளிகூடக் கோபமில்லை. அந்த மாடியில் 8 பேர் படுத்த படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க, இப்படிப்பட்டவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நர்சிங்கில் பாலபாடம். டயப்பர் மாற்றி, துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுக்க ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், எட்டாவது ஆளை முடிக்கும்போது முதல் ஆளின் முறை வந்துவிடும். கனத்த உடம்பென்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட முடியும். மீதி 14 பேரில் யார் எழுந்தார், யார் விழுந்தார் என்று அவர் எப்போது போய்ப் பார்ப்பது? வராந்தாவில் கேமரா இருக்கிறது. ஆனால் இரவில் அதைப் பார்க்க ஆளில்லை.

கேட்டால், “ஆளே கிடைக்கறதில்லைங்க” என்கிறார்கள். 12 மணி நேர வேலை, ஒழுங்கான வார விடுமுறை கிடையாது, சம்பளத்தில் ஏஜென்சிக்கு ஒரு பங்கு. வந்தவர் எப்படி நிலைப்பார்? மாதந்தோறும் நாங்கள் கட்டும் தொகையில் இரவுக்கு இன்னொரு ஆளைப் போட முடியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

மறதி நோய் உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று மாடிப்படியின் கிரில் கேட்டையும் இரவில் பூட்டிவிடுகிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் சாவி கீழே வாட்ச்மேனிடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகும் வயதானவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை வேறு மாடியில் வைத்திருப்பதை எப்படி ஏற்பது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்று அதில் இருக்கிறது. தனியார் இல்லங்களுக்கும் பதிவு, குறைந்தபட்சத் தரம் என்று சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. டெல்லியை எதிர்பார்த்து நிற்காமல், இரவில் இத்தனை பேருக்கு இத்தனை பணியாளர் என்று தமிழக அரசே கட்டாயமாக்க வேண்டும். படுத்த படுக்கையானவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

எங்கள் இல்லத்துக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் பகல் 11 மணிக்கு வந்து, சமையலறையைப் பார்த்து, கழிவறைகளை எண்ணிவிட்டுப் போனார்கள். அப்படி ஆய்வுக்கு வருபவர்களை மாவட்ட ஆட்சியர் ஒருமுறை இரவு 2 மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்பிவைக்கட்டும். பாத்ரூம் மணியை அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், கிரில் கேட் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்து எழுதி, அந்த அறிக்கையை இல்லத்தின் வாசலிலேயே ஒட்டச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை.