செய்மதி காட்டும் கல்லும் தோணிக்காரர் அறிந்த கல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டக் கரையிலுள்ள பாசிக்குடா, காயான்கேணி முருகைக்கற்பாறைகள் (பவளப்பாறைகள்) அழிவதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், மீனவர் உல்லாச விடுதிகளையும், விடுதிக்காரர் மீனவரின் வலைகளையும், மற்றையோர் கடல் வெப்பத்தையும் குறைசொல்லிக் கலைந்துபோவது வழமையாகிவிட்டது. எந்தத் திட்டு எந்த ஆண்டில் மாறியது என்று எவரும் கேட்பதில்லை.

அதற்கு விடை தேடப் படங்கள் காசின்றியே கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் சில நாட்களுக்கொருமுறை நமது கரையைப் படமெடுக்கின்றன. அப்படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். அமெரிக்காவின் லான்ட்சாட் படங்களின் புள்ளி 30 மீற்றராயினும், அவை 1980களிலிருந்தே சேமிக்கப்பட்டு வருவதால், போருக்குப் பின் புதிய விடுதிகள் எழும்புமுன் இருந்த பாசிக்குடாவையும் இன்றைய பாசிக்குடாவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கடல் மேற்பரப்பின் வெப்பத்தை அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா 5 கிலோமீற்றர்க் கட்டங்களாக நாள்தோறும் வெளியிடுகிறது. வழமையான கோடை உச்சத்தைவிட 1 பாகை செல்சியஸ் கூடிய சூடு வாரக்கணக்கில் நீடித்தால் முருகைக்கல் நிறமிழந்து வெளிறும். அப்படியொரு சூடு பதிவாகாத ஆண்டில் ஒரு திட்டு சுருங்கியிருந்தால், காரணத்தைக் கரையிலும் தோணித்துறையிலும் தேடவேண்டும்.

படத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. சென்ற சித்திரையில் கல்குடாப் பக்கம் இருண்டு தெரிந்த திட்டொன்றைக் கைப்பேசியில் காட்டி, முருகைக்கல் என்றேன். நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகும் என் மைத்துனர் அதை வாங்கிப் பார்த்து, "அது கல்லில்ல, சாதாளை" என்றார். மறுநாள் தோணியில் போய்க் குனிந்து பார்த்தபோது, தெளிந்த நீரின் அடியில் சாதாளை என்னும் கடலடித் தாவரமே அசைந்துகொண்டிருந்தது. விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற என் பெருமை அன்றோடு சற்றுக் குறைந்தது.

சிவப்பொளியை முதற் சில மீற்றர் நீரே விழுங்கிவிடுகிறது. நீலமும் பச்சையுமே ஆழத்துக்குப் போய்த் திரும்புவதால், உயிருள்ள கல்லையும் செத்துப் பாசி பிடித்த கல்லையும் வானிலிருந்து பிரித்தறிவது கடினம். மாரியில் முகில் மறைக்கும், களப்பு நீர் கடலைக் கலக்கிவிடும். ஆயினும் அந்தக் கலங்கல் எதுவரை பரவிப் பாறைகளை மூடுகிறது என்பதைப் படத்தில் தெளிவாகக் காணலாம். நங்கூரம் முறித்த கிளையும், கல்லின் மேல் ஏறி நிற்கும் உல்லாசப் பயணியின் காலும் அதில் ஒருபோதும் விழமாட்டா.

ஆகவே, 2019 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட காயான்கேணியிலிருந்து தொடங்கி, கடல் தெளிந்திருக்கும் மாதங்களின் படமொன்றை ஆண்டுதோறும் பெரிதாக அச்சிட்டு, வாகரை, வாழைச்சேனைக் கடற்றொழிலாளர் சங்கங்களிடம் கொடுத்துத் திட்டுகளை அடையாளமிடச் செய்யவேண்டும்; ஐயமுள்ள இடங்களில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் சுழியோடிச் சரிபார்க்கலாம். முதற்படத்தை எவர் தோணித்துறைக்குக் கொண்டுவந்தாலும், என் மைத்துனரை அங்கு அழைத்துவருவது என் பொறுப்பு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
வாழைச்சேனை.