நில் என்னும் ஊரில் இருக்கும் மகனுக்கு

ஈசூன், சிங்கப்பூர்,
16-11-2025

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரையைவிட எதிர் வீட்டு மலாய் அம்மா மக்சிக் கொடுத்த தைலத்தைத்தான் அவள் நம்புகிறாள். நீ கடைசியாக அழைத்து ஆறு வாரம் ஆகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே அறுவடைக் காலம், விடிந்ததிலிருந்து வயலில் இருப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

நீ பேசாத வாரங்களில் உன் ஊர் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறது. உன் ஊரை நிர்வகிக்கும் ஹிண்ட்மார்ஷ் வட்டார மன்றம் தன் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் கூட்டக் குறிப்புகளையும் இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வைத்திருப்பதைச் சென்ற ஆண்டு தற்செயலாகக் கண்டேன். 19 ஆண்டுகள் நம் அடுக்குமாடிப் புளோக்கின் குடியிருப்பாளர் குழுவுக்குச் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவன் என்பதால், முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படிக்கத் தொடங்கினேன். இப்போது தமிழ் முரசை மடித்து வைத்ததும் கை தானாகவே உன் ஊருக்குப் போய்விடுகிறது. சல்லிச் சாலை, மழைநீர்க் கால்வாய், நூலகம், நீச்சல்குளம் என்று எதைப் படித்தாலும், இந்த வழியாகத்தானே இவன் வண்டி ஓட்டுவான், இந்தக் குளத்தில் இவன் குளிப்பானா என்று பார்க்கிறேன்.

நீ முதன்முதலில் அந்த ஊரின் பெயரைச் சொன்னபோது, ‘நில்’ என்று ஓர் ஊருக்குப் பெயர் வைப்பார்களா என்று உன் அம்மா சிரித்தாள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்குறைய நடுவில், போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் காப்பி குடித்துவிட்டுப் போகும் ஊர் என்றுதான் நானும் நினைத்தேன். நீ நின்றுவிட்டாய்.

நில், டிம்பூலா, ஜெபாரிட், ரெயின்போ என்று நான்கு சிற்றூர்களையும் கோதுமை வயல்களையும் சேர்த்து 7,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் தீவைப்போல் பத்து மடங்கு. மக்களோ ஆறாயிரம் பேர்கூட இல்லை. நம் வட்டாரத்துப் புளோக்குகளில் ஒரு பத்துப் பதினைந்தைக் காலி செய்தாலே அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். அத்தனை பேரிடம் வாங்கும் வரியில்தான் அவ்வளவு சாலையையும் பராமரிக்க வேண்டும். வரியையும் நினைத்தபடி உயர்த்த முடியாது, இந்த நிதியாண்டுக்கு 3 விழுக்காடுதான் உச்சவரம்பு என்று மாநில அரசாங்கம் கட்டிவைத்திருக்கிறது. நம் நகர மன்றத்துக்கு மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் பத்துக் காசு ஏறினாலும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் புலம்புகிறவன் நான். உன் மன்றத்தாரின் வரவு செலவைப் படித்த பிறகு புலம்பலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

தீயைப் பற்றி எழுத வேண்டும். இதைப் போன கடிதத்திலும் எழுதினேன், அதற்கு முந்திய கடிதத்திலும் எழுதினேன். நீ பதில் போடாததால் மறுபடியும் எழுதுகிறேன். அங்கே கோடை தொடங்குகிறது. மிதம், அதிகம், கடுமை, பேரழிவு என்று நான்கு படிநிலைகளில் தீ அபாயத்தை அறிவிக்கிறார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். பேரழிவு என்று அறிவித்த நாளில் ஊரில் இருக்காதே. முதல் நாள் இரவே ஹோர்ஷமுக்கோ அதற்கு அப்பாலோ போய்விடு. சென்ற ஜனவரி இறுதியில் லிட்டில் டெசர்ட் தேசியப் பூங்காவில் தீப்பிடித்து, டிம்பூலா மக்களை வெளியேறச் சொன்னார்களே, அந்தத் தீ எரித்தது 60,000 ஹெக்டேருக்கு மேல். நம் சிங்கப்பூர் முழுவதுமே ஏறக்குறைய 73,000 ஹெக்டேர்தான். வரைபடத்தை விரித்து, வடக்கே செம்பவாங்கிலிருந்து தெற்குக் கடற்கரை வரைக்கும் கரிக்கட்டை என்று மனத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அந்த நான்கு நாளும் நீ அழைக்கவில்லை. அம்மா கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். ஐந்தாம் நாள் அழைத்து, ‘நான்தான் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேனே அப்பா, எனக்கென்ன’ என்றாய். நீ அந்தக் குழுவில் தொண்டூழியராகச் சேர்ந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

குடிமைத் தற்காப்புப் படையில் தேசிய சேவை செய்தவன், தண்ணீர்க் குழாயைப் பிடிக்கத் தெரிந்தவன், ஊருக்கு ஆள் பற்றாத இடத்தில் முன்னால் போய் நிற்கிறான் என்று கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி விக்டோரியாவில் ஒரே நாள் தீயில் 173 பேர் இறந்ததைப் படித்த பிறகு இரவு உறக்கம் வரவில்லை. உன் தாத்தா சோங் பாங் கம்பத்தில் இருந்தபோது, அத்தாப்பு ஓலைக் கூரைக்குப் பயந்து எல்லா வீட்டு வாசலிலும் வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பார்களாம். 1961-இல் புக்கிட் ஹோ சுவீ கம்பம் எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்த பிறகு, பகலில் இரண்டு முறை வாளியைத் தொட்டுப் பார்ப்பாராம். நான் அவருடைய பிள்ளை. தொட்டுப் பார்க்க எனக்கு இங்கே வாளியில்லை, அதனால் கடிதம் எழுதுகிறேன். தீக்காலத்தில் வண்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கட்டும். பருத்திச் சட்டை, கம்பளிப் போர்வை, தண்ணீர், வானொலி ஆகியவற்றை வண்டியிலேயே வை. கடப்பிதழை ஒரு உறையில் போட்டு அதனுடன் வை.

கடப்பிதழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. உன்னுடையது அடுத்த ஆண்டு காலாவதியாகும் என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. புதுப்பிக்க வேண்டுமானால் இங்கிருந்து ஏதாவது தாள் தேவைப்படலாம், சொன்னால் எடுத்து வைப்பேன். தேவையில்லை என்றாலும் சொல்.

இவ்வாண்டு மே 3-ஆம் தேதி இங்கும் தேர்தல், அங்கும் தேர்தல். நானும் அம்மாவும் காலையிலேயே போய் வாக்களித்துவிட்டு வந்து உன்னை அழைத்தோம். நீ வாக்குச்சாவடியில் காலை முழுவதும் இருந்ததாகவும், வாசலில் தீயணைப்புக் குழுவுக்கு நிதி திரட்ட சாசேஜ் சுட்டு விற்றதாகவும் சொன்னாய். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் நின்றாயா, உள்ளேயும் போனாயா என்று நான் கேட்கவில்லை. அங்கே குடியுரிமை வழங்கும் விழாவை வட்டார மன்றங்களே நடத்துகின்றன, புதிய குடிமக்களுக்குப் பல இடங்களில் ஒரு மரக்கன்றைக் கையில் கொடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அத்தகைய படங்கள் கண்ணில் பட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். ஒரு படத்தில் ஓரமாக நின்றவனின் காது உன் தாத்தாவின் காதுபோல இருந்தது. முகத்தைத் தொப்பி மறைத்திருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை.

மியன்மாரிலிருந்து வந்த கரேன் மக்களைப் பற்றி நீ சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. 2010 முதல் வாத்து இறைச்சித் தொழிற்சாலை வேலைக்காக அந்த அகதிக் குடும்பங்களை அழைத்து, தங்க வீடு பார்த்துக் கொடுத்து, மொழி கற்றுக்கொடுத்து ஊரோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பதைத் தேடிப் படித்தேன். ஆளில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்த ஊருக்கு ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 70 வேலைகளும் 4 கோடியே 15 இலட்சம் வெள்ளி வருமானமும் அவர்களால் கிடைத்தன என்று 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. எனக்குக் கணக்கைவிட, சனிக்கிழமைகளில் நீ அவர்களுடைய தோட்டத்துக்குப் போய் மண்ணைப் பார்த்துச் சொல்கிறாய் என்பதுதான் பெரிதாகப் பட்டது. அங்கே ஒரு பாட்டி முருங்கை இந்த மண்ணில் வருமா என்று கேட்டாராம். ‘முருங்கை விஷயத்தை எங்கள் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்’ என்று அவரிடம் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஆறு வாரமாக என் காதில் இருக்கிறது. உனக்குத் தெரிந்துதான் சிரித்தாயா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் இனி நானே சொல்லிவிடுகிறேன்.

2004-இல் உனக்கு வயது 13. மின்தூக்கிக்குப் பின்புறம், புல்தரையில் நீ நட்ட முருங்கைப் போத்து ஒன்றரை ஆண்டில் இரண்டாம் மாடி உயரம் வந்திருந்தது. ராஃபியா கயிற்றால் சாய்மானம் கட்டி, அம்மா அரிசி கழுவிய தண்ணீரைப் பால் டின்னில் பிடித்துக்கொண்டு தினமும் படியிறங்குவாய். ஒரு செவ்வாய்க்கிழமை நீ பள்ளி விட்டு வந்தபோது அடிக்கட்டை மட்டும் இருந்தது. நகர மன்றம் வெட்டிவிட்டது, அரசாங்க நிலத்தில் நட்டால் நாம் என்ன செய்ய முடியும் என்று உன்னிடம் சொன்னேன். வெட்டியவர்கள் நகர மன்றத்தின் ஆட்கள்தான். அவர்களை வரச்சொல்லிக் கடிதம் எழுதியவன் நான்.

அதற்கு முந்திய வாரக் கூட்டத்தில் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வருகிறது என்று ஒருவர் சொன்னார். அது யார் நட்ட மரம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் மகன் நட்டது, பூச்சிக்கு மருந்து வைத்துப் பார்க்கலாம், கிளையைக் கழிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள். தெரிந்தால் செயலாளர் சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேசுவார்களோ என்று பயந்தேன். ‘அகற்றும்படி செயலாளர் எழுதுவார்’ என்று என் கையாலேயே குறிப்பில் எழுதிக்கொண்டு, மறுநாளே கடிதத்தையும் அனுப்பினேன். நீ சீருடையோடு குந்தி உட்கார்ந்து, கட்டையில் வழிந்திருந்த பிசினை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்காம் மாடி நடைபாதையில் நின்று பார்த்தேன், இறங்கி வரவில்லை. அடுத்த ஆண்டே தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நம் குழுவும் வேலி போட்டு ஒரு தோட்டம் அமைத்தது, வேலியோரத்தில் முருங்கையும் வைத்தோம். அதற்குப் பக்கத்தில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டேன். நீ ஒருநாளும் அந்தத் தோட்டத்துக்குள் வரவில்லை. சோம்பேறி, மண்ணைத் தொடமாட்டான் என்று பிறர் முன்னால் சொன்னதும் நான்தான். பிறகு நீ வேளாண்மைதான் படிப்பேன் என்று நின்றபோது, மண்ணைக் கிளறவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்டேன். 21 ஆண்டுகள் இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த நான், நீ ஒன்றைச் சொல்லவில்லை என்று இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே வேறு பெரிய செய்தியில்லை. நாட்டின் 60-ஆம் ஆண்டுக்காக அரசாங்கம் கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு எங்கள் இருவருக்கும் ஆளுக்கு 800 வெள்ளி வந்தது. அம்மா அரிசியும் பருப்பும் வாங்கியே தீர்த்துவிட்டாள். உன் ஊரில் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் பத்துக் காசு தருகிறார்கள் என்றாயே, இங்கேயும் அடுத்த ஏப்ரலில் அப்படி ஒரு திட்டம் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். புதிய செயலாளர் இளைஞர், குறிப்புகளைக் கைத்தொலைபேசியிலேயே எழுதிவிடுகிறார். எழுத்துப்பிழை இருக்கிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தப் பாட்டிக்குப் பதில் சொல். முருங்கை பனிக்கு நிற்காது. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும் என்பதால் பெரிய தொட்டியில் வைத்து, மே மாதம் வந்ததும் வடக்குப் பார்த்த சுவரோரம் கூரைக்குக் கீழே நகர்த்திவிட வேண்டும். இலை உதிர்ந்தாலும் வேர் பிழைத்திருந்தால் செப்டம்பரில் துளிர்க்கும். சமூகத் தோட்டத்து மரத்திலிருந்து முற்றிய காய் இரண்டு பறித்து விதை எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் உங்கள் நாட்டு அதிகாரிகள் பிரித்துப் பார்த்துப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று அனுப்பவில்லை; என்ன விதி என்று விசாரித்து எழுது. ‘உங்கள் நாட்டு’ என்று எழுதிவிட்டேன். அடிக்க நினைத்தேன், அப்படியே இருக்கட்டும்.

வண்டியில் எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா