நெட் ஸ்லோன்னே வச்சுக்குவோம்

அம்மாடி,

தூக்கம் வரல, உங்கம்மா தூங்கிட்டா, அதான் டைப் பண்றேன். தப்பு இருந்தா கண்டுக்காத, ஒரு கண்ணுல களிம்பு போட்டிருக்கேன், எழுத்து மங்கலா தெரியுது. ஆமா, களிம்பு. கீழ் இமைல இருந்த மருவ போன வாரம் லேசர்ல எடுத்தாச்சு. பயப்படாத, கெட்டது இல்ல. நீ கேமரா போடறதில்ல, அதனால நானும் போடல, உனக்குத் தெரிய வாய்ப்பில்ல. நெட் ஸ்லோன்னு சொல்ற, சரி. நாலு மாசமா ஸ்லோவான்னு நான் கேக்கல.

லேசர்னதும் கண்ணுக்குள்ளயே அடிப்பாங்கன்னு நெனச்சு நடுங்கிட்டு போனேன். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, கருவிழி மேல லென்ஸ் மாதிரி ஒரு மெட்டல் மூடிய வச்சிடறாங்க, அப்புறம் இமைல ஒரு ஊசி, வலிச்சதுன்னா அது தான். கார்பன் டை ஆக்சைடு லேசராம், சதைல இருக்குற தண்ணி அந்த சூட்ட உறிஞ்சி ஆவியாகி, மேல மேல படலமா போயிடுது, ரத்தம்னு பெருசா ஒண்ணும் வரல. முடி பொசுங்குற நாத்தம் மட்டும் ரெண்டு நாள் மூக்குலயே நின்னுச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு துணுக்கு வெட்டி பயாப்சிக்கு அனுப்பிட்டாங்க, லேசர்ல எல்லாம் ஆவியாயிட்டா டெஸ்ட் பண்ண என்ன மிஞ்சும். கறுப்பா இருக்குறதுன்னா லேசர் வேணாம், வெட்டியே எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறதும் உண்டாம். புண்ணாகி ரத்தம் கசிஞ்சாலோ, அந்த எடத்துல இமை முடி கொட்டுனாலோ, ஒரே எடத்துல கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ சும்மா விடக்கூடாதாம். உனக்கு அப்படி எதுவும் இருக்காது. இருந்தாலும் கண் டாக்டர்கிட்ட தான் காட்டணும், பார்லர்ல போய் எடுக்காத, நூல் கட்டாத.

இமை ஓரத்துல எண்ணெய் சுரப்பி வரிசையா இருக்காம், மெய்போமியன்னு பேரு, மேல 25-லருந்து 40, கீழ 20-லருந்து 30. அந்த எண்ணெய் தான் கண்ணீர் காயாம மேல படலமா நிக்குது. என்னோடத படம் எடுத்து காட்டுனாங்க, பல்லு ஒடஞ்ச சீப்பு மாதிரி நடுநடுவுல காலி. போனது போனதுதானாம், இருக்குறத காப்பாத்திக்கணும். நீயும் நாள் பூரா சிஸ்டம் முன்னாடி தான் உக்காந்திருக்க, ஸ்க்ரீன் பாத்தா கண்ணு சிமிட்டுறதே கொறஞ்சிடும். தெனம் வெதுவெதுப்பான துணிய பத்து நிமிஷம் வை, ஆற ஆற மாத்து, அப்புறம் மேல் இமைய கீழ் நோக்கியும் கீழ் இமைய மேல் நோக்கியும் மெதுவா நீவு. உன் ப்ரமோஷன் மெயில பிரிண்ட் எடுத்து பீரோல வச்சிருக்கேன், வர்றவங்ககிட்டல்லாம் காட்டுறேன். ஆனா ஒரு போட்டோ அனுப்புனியா நீ?

ஆஸ்பத்திரி ஃபார்ம்ல மரு எத்தனை வருஷமா இருக்குன்னு கேட்டிருந்துது. எட்டுன்னு எழுதினேன். எழுதும்போதே உன் இமைல இருக்குறது எத்தனை வருஷம்னு கணக்கு போட்டேன். நாலாம் வகுப்புலருந்து. அத வச்சு உன்ன மிளகுன்னு மொதல்ல கூப்பிட்டது நான் தான், அத்தையோ பெரியப்பா பசங்களோ இல்ல, அவங்க எல்லாம் என்கிட்டருந்து தான் கத்துகிட்டாங்க. செல்லமா கூப்பிடறேன்னு நெனச்சுகிட்டேன். ஆறாவது படிக்கிறப்போ நீ அம்மாவோட நகவெட்டிய கைல வச்சுகிட்டு கண்ணாடி முன்னாடி இமைய இழுத்துப் புடிச்சு நின்ன. நான் கைய தட்டி விட்டு ரெண்டு அடி குடுத்தேன், கண்ணு போயிருந்தா என்ன ஆகுறதுன்னு கத்துனேன். எதுக்கு அப்படி நின்னேன்னு கேக்கவே இல்ல. மறுநாள் காலைல எழுப்பும்போதும் மிளகுன்னு தான் கூப்பிட்டேன்.

எடுக்கச் சொல்லி இத எழுதல. எடுக்குறதும் வச்சுக்குறதும் உன் இஷ்டம். டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடு, அவ்வளவு தான். ஞாயித்துக்கிழமை நான் கேமரா போடுறேன், பொருக்கு அதுக்குள்ள உதிர்ந்துடும், அந்த எடத்துல மூணு நாலு முடி இல்ல, சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ. நீ போடணும்னு இல்ல.

அப்பா

துணி வெதுவெதுப்பா தான் இருக்கணும், கொதிக்கிற தண்ணில முக்கி வச்சிடாத, இமைத் தோல் ரொம்ப மெல்லிசு. மொதல்ல மணிக்கட்டுல வச்சுப் பாத்துட்டு வை.