வன்னியில் கூத்தும் திருவிழாவும் படம் பிடிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிமாருக்கு,

போன கிழமை முள்ளியவளையில் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ஆட்டம் பழக்க ஆசை, ஆனால் அவருடைய முழங்கால் இப்போது இடம் கொடுக்கிறதில்லை, அதனால் தான் கடைசியாக ஆடிய கூத்தைப் போட்டுக் காட்டுவோம் என்று பென் டிரைவை டிவியில் செருகினார். ராசா வரவு வந்தது. பாட்டும் மத்தளமும் நன்றாகக் கேட்டன. ஆனால் சலங்கை கட்டிய கால் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக ஏதோ அசைந்தது, உடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் கரைந்து ஒரே பூச்சாகிக் கிடந்தன. "அப்பு, எந்தக் கால் முதல்?" என்று பேரன் கேட்டான். அவர் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியேல்லை அப்பன்" என்றார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன். எட்டு மணித்தியாலக் கூத்து, 1080 அளவு (முழு எச்.டி.), எச்.264 என்ற சுருக்கும் முறை, எல்லாம் சேர்த்து 4 ஜி.பி.க்குள். கணக்குப் போட்டால் ஒரு செக்கன் படத்துக்குக் கிடைப்பது 1.1 மெகாபிட் தரவுதான், அதற்குள் ஒலியும் அடக்கம். சுருக்காத 1080 படம் செக்கனுக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப்படம், என்றாலே 620 மெகாபிட்டுக்கு மேல் கேட்கும். எங்கே போய் முட்டும்?

சுருக்கும் மென்பொருள் முன் சட்டகத்தோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதி வைக்கிறது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அசையாமல் இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. கூத்தில் அப்படியா? கால் வேகம், புழுதி கிளம்புகிறது, சுற்றிவர இருட்டு. போதாக்குறைக்கு, வெளிச்சம் காணாமல் கமெராவில் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறனைக் கூட்டினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அந்தப் புள்ளியையும் உண்மையான விவரம் என்று நினைத்து மென்பொருள் பிட்டுகளை அதற்குச் செலவழித்துவிடும். மிச்சம் இல்லாதபோது முதலில் போவது நுணுக்கந்தான்.

ஏன் 4 ஜி.பி. என்பதும் எனக்குத் தெரியும். பழைய டிவிகள் ஃபேட்32 என்ற முறையில் ஃபோர்மற் செய்த பென் டிரைவைத்தான் வாசிக்கும், அதில் 4 ஜி.பி.க்குப் பெரிய ஒற்றைக் கோப்பு நிற்காது. சரி, அப்படியென்றால் கூத்தை நாலாகப் பிரித்துப் போடுங்களேன். ஒவ்வொரு துண்டும் 4 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அதே கூத்துக்குச் செக்கனுக்கு 4 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும், செலவு ஒரு பெரிய பென் டிரைவ் மட்டும்.

அளவை முதலே முடிவு செய்துவிட்டுப் படத்தை அதற்குள் திணிக்க வேண்டாம். எச்.264 கோப்பு செய்கிற எக்ஸ்264 மென்பொருளில் சி.ஆர்.எஃப். என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தரத்தை நீங்கள் சொன்னால் போதும், அமைதியான காட்சிக்குக் குறைத்தும் ஆட்டத்துக்குக் கூட்டியும் பிட்டுகளை அதுவே பகிரும். இயல்பு நிலை 23, கூத்துக்கு 20 அளவில் வையுங்கள், எண் குறையக் குறையத் தரம் கூடும். வேகத் தெரிவில் அவசரப்பட்டு அல்ட்ராஃபாஸ்ட் போடாமல் ஸ்லோ போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். எச்.264க்குப் பின் 2013 இல் வந்த எச்.265 முறை ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் அதை வாசிக்காத டிவி எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டேட்டா போட்டுப் பார்க்கிற சனத்துக்குச் சின்னக் கோப்பு வேண்டும்தான், நான் அதை மறுக்கவில்லை. அதற்கு 720 இல் தனிப் பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு தரம் அமுக்கும், ஆவணமாக அனுப்புங்கள்.

ஆனால் கமெரா கார்டில் உள்ள மூலத்தை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். சுருக்கியதில் போன விவரத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. 2009 போரில் அல்பமும் கசெட்டும் வழியில் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள், கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு எடுத்ததையாவது முழுசாக வைத்திருப்போம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், சிலாவத்தையில் தீர்த்தம் எடுப்பதையும் உப்புநீரில் எரிகிற விளக்கையும் எடுக்க நீங்கள் போவீர்கள். அந்தச் சின்னச் சுடரையும் சுற்றியுள்ள இருட்டையும் கமெரா அனுமதித்தால் 10 பிட் நிற ஆழத்தில் எடுங்கள், இருட்டில் வரி வரியாகப் படிவது குறையும்.

அப்புறம், அண்ணாவியாரின் அந்தக் கூத்தை எடுத்த தம்பி இதை வாசித்தால், கார்டில் மூலம் இன்னும் இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஒரு அண்ணன்