பஃபலோ போகிற பிள்ளைக்கு

பாளையங்கோட்டை,
ஆடி 20

அன்புள்ள சங்கரபாண்டி,

உம்ம கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறுகிறது. பிசான நெல் சாகுபடிக்குக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

உம்ம மகள் படிக்கப்போகும் அமெரிக்க நகரமான பஃபலோவில் பனி எத்தனை அடி விழும் என்று கேட்டிருக்கிறீர். அதைவிட, காற்று எப்படி அடிக்கும் என்று கேளும். காற்று மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாமல் அடித்து, பறக்கும் பனியில் 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாமல், மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அமெரிக்க வானிலைத் துறை அதைப் பனிப்புயல் என்கிறது. எத்தனை அடி பனி, எத்தனை டிகிரி குளிர் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் மணல் முகத்தில் அறைவது உமக்குத் தெரியும். மணலுக்குப் பதில் பனித்தூள், வெயிலுக்குப் பதில் மைனஸ் 20 டிகிரி குளிர் என்று வைத்துக்கொள்ளும்.

பனிப்புயலுக்கு வானத்திலிருந்து பனி புதிதாக விழவே வேண்டாம், தரையில் கிடப்பதை வாரி இறைத்தாலே போதும். 1977 ஜனவரியில் பஃபலோவில் பெரும்பாலும் அப்படித்தான். ஊரை ஒட்டிய ஈரி ஏரி டிசம்பரிலேயே உறைந்துவிட்டது. அதன்மேல் சேர்ந்து கிடந்த பனியைக் காற்று அள்ளி ஊருக்குள் கொட்டியது. புயல் நாட்களில் புதிதாக விழுந்தது ஓரடி போலத்தான், ஆனால் சில இடங்களில் வீடே மறைகிற உயரத்துக்குக் குவிந்தது. ஏரி உறையாதபோது வேறு மாதிரி: குளிர்ந்த காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடி, நீராவியை ஏற்றிக்கொண்டு, கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோவில் இறக்கும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே 37 மணி நேரம் விடாமல் பனிப்புயல். நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். தீயணைப்பு வண்டிகளே பனியில் சிக்கிக்கொண்டன. காருக்குள்ளும் தெருவிலும் இறந்தவர்கள் பலர். அதனால் எச்சரிக்கை வந்துவிட்டால் கடைக்குக்கூட வெளியே போகக் கூடாது.

வழியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கவே வேண்டாம். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், பத்தடியில் இருக்கும் வாசலும் தெரியாது. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டுச் சூடு பிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்பு சைலன்சர் வாயை அடைத்த பனியைத் தோண்டி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வரும், எழுந்திருக்க முடியாது. காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க டாங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல். டிக்கியில் மண்வெட்டி, போர்வை, டார்ச், ஆன்டெனாவில் கட்டச் சிவப்புத் துணி.

வீட்டிலும் இதே விஷவாயு ஆபத்து உண்டு, அதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பல வீடுகளில் சூடேற்றும் ஃபர்னஸின் புகைக்குழாய் பக்கச் சுவரில், தரைக்குச் சற்று மேலே இருக்கும். ஒதுங்கும் பனி அதை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகலாம், புகை உள்ளேயும் திரும்பலாம். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே அந்தக் குழாய் எங்கே இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லும். கரண்டு போனாலும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயக் கூடாது.

மைனஸ் 20-இல் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 35 மாதிரி. மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையும். விரலோ காது மடலோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது; தேய்த்துவிடுவது நம் கைப்பழக்கம், அங்கே அது சதையைக் கிழிக்கும். வீட்டுக்குள் வந்தபிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் முக்கி வைக்கட்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் தானாக நின்று பேச்சுக் குழறினால் உடம்புச்சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே அங்கத்து அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும்.

காட்டன் பனியனைக் குளிர்காலத்துக்கு உள்ளே போட வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து சூட்டை இழுக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை போதும். கனத்த கோட்டை இங்கே காசு போட்டு வாங்காதீர், பனிக்காற்றுக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும். டிக்கெட் தேதியை எழுதும்.

அன்புடன்,
சுப்பையா