எல்லாவற்றுக்கும் முடி உருண்டையா?

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், வாழ்த்து சொல். இனி உன் பூனை விஷயம்.

வாரம் இரண்டு முறை வாந்தி, கேட்டால் எல்லோரும் முடி உருண்டை (நக்கி விழுங்கிய முடி வயிற்றில் திரண்டது) என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எப்போதாவது ஒரு உருண்டை வெளியே வந்தால் கவலைப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அது நாள்பட்ட குடல் நோயாக இருக்கலாம். பத்து வயதுப் பூனை நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டையும் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, சிறுநீரகம், வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல். பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த இடம் கெட்டால் அதன் அளவு இறங்கிவிடும். அதை ஈடுகட்டாமல் மற்ற மருந்து கொடுத்தால் பலன் அரைகுறைதான்.

முதலில், அது வாந்திதானா என்று கவனி. வயிறு இழுத்து இழுத்து எக்கிய பிறகு வந்தால் வாந்தி. தின்ற கொஞ்ச நேரத்திலேயே, எக்காமல், செரிக்காத உணவு நீளமாக விழுந்தால் எதுக்களிப்பு. இதற்குக் காரணம் உணவுக்குழாய்க் கோளாறாக இருக்கலாம், அவசரமாக விழுங்கியதாகவும் இருக்கலாம். அகலத் தட்டில் பரப்பி, அதே அளவை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்துப் பார். செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள். வாயால் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது உதவும்.

கழிச்சலிலும் குடலில் எந்த இடம் என்று தெரிய வேண்டும். நிறைய அளவு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, கூடவே எடை இறக்கம் என்றால் பெரும்பாலும் சிறுகுடல். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, முக்கி, சளியோ சிவந்த ரத்தமோ கலந்து வந்தால் பெருங்குடல். புழுவும் ஒட்டுண்ணியும் இருக்கிறதா என்று பார்க்க அன்றைய மலத்தையே கொண்டுபோ. பால் கொடுக்காதே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது.

ஒரே நாளில் உணவை மாற்றுவதும் வயிற்றைக் கெடுக்கும். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து ஆரம்பித்து, ஏழு முதல் பத்து நாளில் முழுவதும் மாற்று. உணவு ஒவ்வாமையா என்று சோதிக்க, அது இதுவரை தின்னாத ஒரே புரதமோ, ஹைட்ரோலைஸ்டு உணவோ (புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துத் தயாரித்தது) மட்டும் கொடு. குடல் தொல்லைக்கு அநேகமாக இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். வீட்டில் யாராவது இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் போட்டால் போச்சு, திரும்ப முதலிலிருந்து.

பட்டினி போடாதே! இதில் நாய்க்குச் சொல்வது பூனைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் அடுத்த நாளுக்குத் தள்ளாதே.

மலச்சிக்கலுக்கு முதல் மருந்து தண்ணீர். ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான், வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல். ஆனால் பூனை லிட்டர் பாக்ஸில் (அது மலஜலம் கழிக்கும் பெட்டியில்) திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று நீயே முடிவு கட்டாதே. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும். அது ராத்திரியே ஓட வேண்டிய அவசரம். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமாவும் பாராசிட்டமாலும் பூனையைக் கொன்றுவிடும்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதே. மறுமுனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டியிருந்தால் குடல் சுருங்கி அறுபடும்.

வாரம் ஒரு முறை எடை பார். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று உன் எடையைக் கழித்தாலும் ஓரளவு தெரியும். குழந்தைகளுக்கான தராசு இன்னும் துல்லியம். நாலு கிலோ பூனை 400 கிராம் இறங்கினால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
சாந்தி