பத்துமலையில் புறாவை விட்டுவிட்டு வருவது புண்ணியமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் வளர்த்த புறாவை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், சிலர் பத்துமலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கோயில் புறாக்களோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும், நமக்கும் புண்ணியம் என்ற நினைப்பு. கல்யாணத்திலும் திறப்பு விழாவிலும் வெள்ளைப் புறா பறக்க விடுவதும் இதே கதைதான். இப்படி விடப்பட்ட புறாக்களை எடுத்துத் தேற்றி, வளர்ப்பவர்களிடம் கொடுத்து வருகிறவள் நான். இவற்றில் பல, கொஞ்ச நாளிலேயே பட்டினியில் விழுந்துவிடுகின்றன.

கூண்டில் கொட்டிய தானியத்தைத் தின்று வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது. வெள்ளை நிறம் வேறு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். வீடு திரும்புவதெல்லாம் பழக்கிய பந்தயப் புறா செய்கிற வேலை. நேற்று பசாரில் வாங்கிய புறா எந்த வீட்டுக்குத் திரும்பும்?

அண்மையில் அங்கே படிக்கட்டருகே ஒதுங்கிக் கிடந்த ஒரு வெள்ளைப் புறாவைத் தூக்கினேன். சதையே இல்லை, நெஞ்செலும்பு விரலில் குத்தியது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. காலில் தலைமுடியும் நூலும் சுற்றி இறுகி, ஒரு விரல் கறுத்திருந்தது. (மொட்டை போடும் இடத்தில் முடிக்கா பஞ்சம்!) காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நகம் வெட்டும் கத்தரியால் இழை இழையாக எடுத்தேன். அந்த விரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இப்போது நன்றாகவே நடக்கிறது.

இப்படி ஒரு புறா கண்ணில் பட்டால் துண்டைப் போட்டுப் பிடித்து, காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வையுங்கள். முதலில் கதகதப்பு, அப்புறம் தண்ணீர், அதற்குப் பிறகுதான் தீனி. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். புறா அலகை முக்கி உறிஞ்சிக் குடிக்கும், கொஞ்சம் ஆழமான கிண்ணம் இருந்தால் போதும். ரொட்டி வேண்டாம், சோளம், பட்டாணி, பாசிப்பயறு கொடுங்கள். தொண்டையில் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போலத் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கு மருந்து உண்டு. காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சிலேயே மாட்டுகிற வளையம் அது. எங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம்.

தேற்றுவதைவிடத் தத்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. கேட்டு வருகிறவர்களில் சூப்புக்குக் கேட்பவர் உண்டு, பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவ வேண்டும் என்பவரும் உண்டு. அவர்களுக்கு வாசலோடு கும்பிடு. மற்றவர்களிடம் எலி நுழையாத கம்பிவலை இருக்கிறதா, ஜோடியாக வளர்ப்பீர்களா என்று கேட்பேன். புறா கூட்டத்தில் வாழ்கிற பறவை, தனியாக விட்டால் ஏங்கிப்போகும். முட்டையிட ஆரம்பித்தால் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முட்டை வைக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு ஜோடியே வீட்டை நிறைத்துவிடும், அடுத்த பயணம் மறுபடியும் பத்துமலைக்குத்தான்.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பறவைகளுக்கும் பொருந்தும். கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கல்யாண ஏற்பாட்டாளர்கள் தங்கள் பட்டியலிலிருந்து புறாவை எடுத்துவிடட்டும். கோயில் நிர்வாகம், வளர்ப்புப் புறாக்களை இங்கே விட வேண்டாம் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை வைக்கட்டும். எழுதிக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்